மடிப்பறையில் ஐந்தேகால் மணி வகுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் முதலாளி அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த மேலாளர் ஐயா அவர்களே, அலுவலகப் பெரியவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் டைப்பிஸ்ட் தம்பியின் மனைவி, என் தங்கச்சி அவர்களே, துவைக்கிற பக்கம், காயவைக்கிற பக்கம், இஸ்திரிப் பக்கம், மடிக்கிற பக்கம் என்று நான்கு பக்கத்திலிருந்தும் மிஷினை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் என் கூட்டாளிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நிமிடத்தில் நான் பதினாறு படுக்கை விரிப்பு மடிப்பேன். மடிக்கும் மேசை மூன்றில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதனால்தான் எனக்கு மூணாம் மேசை என்றே பேர். ஆனால் டைப்பிஸ்ட் தம்பியை மூன்று நிமிடத்தில் மடித்து அடுக்கிவிட முடியாது. கொஞ்சம் கூடத்தான் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்தப் பேச்சை நானேதான் எழுதினேன். எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பிழை காதில் கேட்காது. எழுதக் காகிதம் வேண்டியிருந்தது. இன்று காலையில் வருகைப் பதிவுக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதன் பின்பக்கம் நல்ல வெள்ளையாக இருந்தது. எடுத்துக்கொண்டேன். அது போதவில்லை. கூடத்தில் இன்னும் ஐந்து இடத்தில் அதே அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆறும் இப்போது என் கையில் இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆறையும் எழுதி நிரப்பிவிட்டேன்.

மேலாளர் ஐயா பேசும்போது கண் கலங்கினார். அது உண்மையான கண்ணீர்தான். டைப்பிஸ்ட் தம்பியோடு அவர் பதினெட்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவர். ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு, அந்த அறிவிப்பில் இருந்ததையும் வாசித்தார். மேல்மாடியில், இப்போது மடிப்பு வேலை நடக்காத பழைய மடிப்பறையில் டைப்பிஸ்ட் தம்பியின் படம் மாட்டப்படுமாம். அவருக்கு மரியாதை செய்யும் விதமாக, அவர் நடத்திய ஆங்கில வகுப்பு அவரோடு நிறைவு பெறுகிறதாம். அந்த அறை இனி புது மிஷின்களின் உதிரிப் பாகங்களை வைக்கிற ஸ்டோராம். நீங்கள் கை தட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. படம் மாட்டுகிறார்கள் என்றதும் தட்டிவிட்டீர்கள். மிச்சம் இரண்டு வரி கைத்தட்டலில் கேட்காமல் போய்விட்டது. அதனால்தான் திரும்பச் சொல்கிறேன். வகுப்பு நிறைவு பெறுகிறதாம். அறை ஸ்டோராம்.

வரும் இருபத்துநான்காம் தேதி நாங்கள் பதினொரு பெண்கள் ஆங்கிலச் சான்றிதழ்த் தேர்வு எழுதப் போகிறோம். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அது எதற்குத் தெரியுமா? இந்தக் கூடத்தில் ஷிப்ட் பொறுப்பாளர் என்றால் இதுவரை வெளியிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். பொறுப்பாளர் தினமும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும், எங்களுக்கு அது வராது, அவ்வளவுதான் காரணம். ஒரு விரிப்பில் இருக்கிற கறையைப் பார்த்தே இது மருந்து, இது துரு, இது ரத்தம் என்று சொல்லத் தெரிந்தவள் மடிக்கிற மேசையில் நிற்பாள். மருந்துக்கும் துருவுக்கும் வித்தியாசம் தெரியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவார். சான்றிதழ் வாங்கினால் கூடத்திலிருந்தே பொறுப்பாளரை எடுக்கலாம் என்று போன வருடம் முதலாளி அம்மா கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதத்தை டைப் செய்தவர் டைப்பிஸ்ட் தம்பி. டைப் செய்த அன்று சாயங்காலம் வகுப்புக்குள் நுழைந்து, "விதி வந்தாச்சு. இனிமே உங்க கையிலதான்" என்றார். அந்த வகுப்பைத்தான் தேர்வுக்குப் பத்தொன்பது நாள் முன்னால் பூட்டப் போகிறார்கள், அதுவும் அவருக்கு மரியாதை என்று சொல்லி.

அவர் எப்படி எங்களுக்கு வாத்தியார் ஆனார் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அலுவலக ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. அங்கே டைப்பிஸ்ட் தம்பியைத் தவிர யாரும் இல்லை, அவர் கையிலோ கார்பன் மை. "எடுங்கக்கா" என்றார். எடுத்தேன். நாம் விரிப்பு அனுப்புகிற விடுதியின் அம்மா ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்து, விரிப்பு கிழிந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த விரிப்பு என்று அவர் கேட்டார். விரிப்பு என்றேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி விரிப்பு என்றேன். வைத்துவிட்டார்.

டைப்பிஸ்ட் தம்பி சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, நீங்க சொன்னது எந்த விரிப்பு?"

"அதான், காலையில ஓரத்துல கிழிஞ்சு வந்துச்சே, அது."

"அது உங்களுக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? விரிப்பு என் மேசையிலதானே இருக்கு."

"அவ்வளவுதான் அக்கா பாடம். மிச்சமெல்லாம் பழக்கம்."

அதுதான் முதல் வகுப்பு. நின்றுகொண்டே நடந்தது. ஆங்கிலத்தில் ஒரு பொருளின் பேரைச் சொல்வதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சின்னச் சொல் போட வேண்டுமாம். கேட்கிறவருக்கு இன்னும் தெரியாத ஒன்றைச் சொன்னால் 'எ'. உனக்கும் எனக்கும் எது என்று தெரிந்ததைச் சொன்னால் 'தி'. நம் பேச்சில் இந்தத் தொல்லை கிடையாது. வேண்டுமானால் ஒரு துண்டு என்போம், அந்தத் துண்டு என்போம். வேண்டாமென்றால் துண்டு எடு என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். எனக்குக் கோபமே வந்தது.

"அவங்க பாஷையில ஒவ்வொரு பேருக்கு முன்னாடியும் எதுக்குய்யா ஒரு வாட்ச்மேனை நிறுத்தி வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"வாட்ச்மேன் நல்ல ஆளுதான்க்கா. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்கறவர் மூஞ்சியை ஒரு தடவை பாருன்னு சொல்றான். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு யோசிக்கச் சொல்றான். வேற ஒண்ணும் கேக்கல."

இரண்டு பேரில் தொடங்கி நாற்பது பேர் வரை சேர்ந்தோம். தினமும் ஷிப்ட் முடிந்து ஐந்தேகால் மணிக்கு, மேலே மடிப்பறையில். படி ஏறும் வரைக்கும் நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். வாசற்படியைத் தாண்டினால் அவர் சார், நான் மூணாம் மேசை. வகுப்பு முடிந்து இறங்கும்போது மறுபடி தம்பி, மறுபடி அக்கா. ஐம்பத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு வாசற்படி கிடைத்தது.

கூடத்தில் மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவள் கத்துவது கூடக் கேட்காது. ஆனால் பாடம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும், சந்தேகம் வரும், சாயங்காலம் வரை பொறுக்க முடியாது. அதற்கு அவர் ஒரு வழி செய்தார். 'எ' என்றால் கையை விரித்துக் காட்ட வேண்டும். 'தி' என்றால் சுட்டுவிரலை நீட்ட வேண்டும். தண்ணீர், நீராவி, கஞ்சி, சோப்புத்தூள் என்று எண்ண முடியாததைப் பொதுவாகச் சொன்னால் இரண்டும் வேண்டாம், கையை மூடிக்கொள்ள வேண்டும். வேலை செய்துகொண்டே ஒருத்தி ஒரு பொருளைக் காட்டுவாள், எதிர்ப்பக்கத்தில் இருப்பவள் கையால் பதில் சொல்வாள். தப்பென்றால் தலையில் தட்டிக்கொள்ள வேண்டும். வாயில்லாமல் ஆங்கிலம் படித்த கூட்டம் உலகத்தில் எங்காவது உண்டா? இங்கே உண்டு.

அதனால் வந்த வம்பைச் சொல்லியாக வேண்டும். மேலாளர் ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே இப்போது சிரிக்கிறார்.

ஒரு நாள் காயவைக்கிற பக்கத்திலிருந்து நீராவி குபுகுபுவென்று வந்தது. பட்டன் இல்லாத உடுப்புக்கெல்லாம் பட்டன் தைக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாளே, நாம் பொத்தான் என்று கூப்பிடுகிறவள், அவள் நீராவியைக் காட்டினாள். நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் கையை மூடி உயரத் தூக்கிக் காட்டினோம். மேலே கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் ஐயா பார்த்தார். நாற்பது முஷ்டி. மணியை அடித்துவிட்டார். மிஷின் நின்றது, கதவு மூடியது, காவலாளிகள் ஓடி வந்தார்கள். ஒலிபெருக்கியில், "தயவுசெஞ்சு ஸ்ட்ரைக் பண்ணாதீங்க, பேசித் தீத்துக்கலாம்" என்று கேட்டது. யார் ஸ்ட்ரைக் செய்கிறார்கள் என்று நாங்கள் திரும்பிப் பின்னால் பார்த்தோம்.

டைப்பிஸ்ட் தம்பியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சாட்சிக்கு நான் போனேன்.

"எல்லாரும் முஷ்டியைத் தூக்கினாங்க. என் கண்ணால பார்த்தேன்" என்றார் மேலாளர்.

"அது நீராவி சார்."

"எதுய்யா நீராவி?"

"முஷ்டிதான் சார்."

"முஷ்டி எப்படிய்யா நீராவி ஆகும்?"

"நீராவியை எண்ண முடியாது சார். அதான் கையை மூடிடறோம்."

முதலாளி அம்மா என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, இது என்ன?" என்று மேசைமேல் இருந்ததைத் தொட்டார்கள். கையை விரித்து, ஒரு கோப்பை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "உள்ள இருக்கறது?" கையை மூடி, தேநீர் என்றேன். "இப்ப மறுபடி கோப்பையைச் சொல்லுங்க." விரலை நீட்டினேன், இப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டதே. மேலாளர் ஐயா நம்பாமல், "அப்ப நான்?" என்று கேட்டார். அவர் மூஞ்சிக்கு நேரே விரலை நீட்டி, "இந்தக் கூடத்துக்கு ஒரே மேனேஜர். உங்களை யாருக்குத் தெரியாது சார்?" என்றேன். முதலாளி அம்மா சிரித்த சிரிப்பில் தேநீர் கொட்டியது.

வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஜன்னலோரம் இருந்த டைப்பிஸ்ட் தம்பியின் மேசை மறுவாரமே கொதிகலன் அறைக்குப் பக்கத்துக்குப் போனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "மழைக்காலத்துல சட்டை சீக்கிரம் காயும்க்கா" என்றார். ஆறு வருடத்துக்கு மேல் அந்தச் சூட்டில் உட்கார்ந்து டைப் செய்தார். அதை இன்றைக்குச் சொல்லாமல் நான் என்றைக்குச் சொல்வது?

அவர் சாதுவான மனிதர் என்று இங்கே இரண்டு பேர் பேசினார்கள். எனக்குத் தெரிந்தவர் சாது கிடையாது. நாலாம் நம்பர் உருளை இஸ்திரியில் நம் இஸ்திரித் தங்கச்சிக்கு முழங்கை வரை வெந்ததே, நினைவிருக்கிறதா? அதைப் பற்றிய அறிக்கையை மேலாளர் ஐயா டைப் செய்யக் கொடுத்தார். ஒரு தொழிலாளி கவனக் குறைவாக ஓர் இயந்திரத்தில் கை வைத்துவிட்டார் என்று எழுதியிருந்தது. டைப்பிஸ்ட் தம்பி படித்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், எந்த மிஷின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்யா."

"எனக்குத் தெரியுமா?"

"உனக்கும்தான் தெரியும். நாலாம் நம்பர்."

"அதோட மூடி கழண்டு கெடக்குன்னு போன மாசம் ரெண்டு தடவை எழுதிக் குடுத்திருக்காங்க. நான்தான் டைப் பண்ணேன். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணை யாருக்குமே தெரியாத மாதிரி டைப் பண்ண எனக்கு வரல சார். எந்த மிஷின்னு நீங்க எழுதிக் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுத் தரேன்."

அன்று முழுக்க அவர் ஒரு எழுத்துக்கூட டைப் செய்யவில்லை. வேலை போய்விடும் என்று நாங்கள் பயந்தோம். வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, என் தங்கச்சிக்குச் செய்தி போய், அவள் என்ன சொல்லி அனுப்பினாள் தெரியுமா? "அவரு உப்புக் கேட்டாலே எந்த உப்புன்னு யோசிச்சுத்தான் கேப்பாரு. இதுல மாத்திப்பாருன்னு நினைக்காதீங்க." மறுநாள் மேலாளர் ஐயாவே அறிக்கையை மாற்றி எழுதிக் கொடுத்தார். நாலாம் நம்பருக்கு மூடி வந்தது. மாற்றி எழுதியது மேலாளர் ஐயா என்பதையும் நான் சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லி பாதியை விட்டால் டைப்பிஸ்ட் தம்பி என்னை விடமாட்டார்.

குறை இல்லாத மனிதரா என்றால், இல்லை. கோபம் வந்தால் சாக்பீஸை உடைப்பார், ஒரு வாரத்துக்கு ஒரு டப்பா செலவாகும். ஒரு கைக்குட்டையை ஒழுங்காக மடிக்கத் தெரியாது. ஒரு தடவை ஒரு வாரம் முழுக்கத் தப்பாகவே பாடம் நடத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போவது பற்றி. நாம் விரிப்பு எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனால் அது தெரிந்த கட்டடம், விரல் நீட்ட வேண்டும். நோயாளியாகப் போனால் கட்டடம் முக்கியமில்லை, எந்தச் சொல்லும் வேண்டாம், கையை மூட வேண்டும். இதை அவர் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார். திங்கள்கிழமை வந்து பலகைக்கு முன்னால் நின்று, "போன வாரம் நான் சொன்னது தப்பு. உங்க தப்பு இல்ல, என் தப்பு" என்றார். சரியானதை முப்பது தடவை அவரே பலகையில் எழுதினார். நாங்கள் உட்கார்ந்து எண்ணினோம். இருபத்தெட்டில் நிறுத்தப் பார்த்தார், பொத்தான் விடவில்லை.

அதனால் அந்தப் பாடம் எங்களில் யாருக்கும் மறக்கவில்லை.

பத்து நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில், கொதிகலன் அறைப் பக்கம் ஆள்கள் ஓடினார்கள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் மேசையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். நம் டெலிவரி வண்டியில் டைப்பிஸ்ட் தம்பியை ஏற்றினார்கள். தினமும் அந்த வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும், விரிப்பு எடுக்க. எதிர்ப்பக்கத்திலிருந்து பொத்தான் கையை ஆட்டி, வண்டி எங்கே போகிறது என்று கேட்டாள். நான் ஆஸ்பத்திரிப் பக்கம் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை, இந்த நேரத்துக்கு வண்டி போகாதே. மறுபடி கேட்டாள். என் கை தானாக மூடிக்கொண்டது.

அவள் பார்த்தாள். ஊசியை வைத்துவிட்டு அவளும் கையை மூடி உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் இஸ்திரிப் பக்கம், அதற்குப் பின்னால் துவைக்கிற பக்கம். ஒரு வார்த்தை இல்லாமல், ஒரு நிமிடத்தில், கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மேலே கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் ஐயா அன்றைக்கும் பார்த்தார். அன்றைக்கு அவர் மணி அடிக்கவில்லை. இறங்கி வந்து எங்களோடு நின்றார். அதற்கு அவருக்கு நன்றி சொல்கிறேன். பதினொன்றரை மணிக்குச் செய்தி வந்தது.

நாங்கள் அழவில்லையா? அழுதோம். அழுது முடித்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன், மேலாளர் ஐயா கவனமாகக் கேட்க வேண்டும்.

நீங்கள் வகுப்பை நிறுத்தப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். ஐயா, வகுப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் போனார். புதன்கிழமை ஐந்தேகாலுக்கு மடிப்பறையில் பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தோம். வியாழக்கிழமையும் உட்கார்ந்தோம். நேற்று வரைக்கும் வேலை நாள் ஒன்றைக்கூட விடவில்லை. அறையைத் திறந்துவிட்டது யார் என்று கேட்கிறீர்களா? இதோ, கையை விரித்துக் காட்டுகிறேன். ஒருவர். அதற்கு மேல் கேட்கிறவருக்குத் தெரிய வேண்டாம்.

முதல் நாள் தொடக்கத்தில் யாரும் பலகைக்கு முன்னால் போகவில்லை. சாக்பீஸ் டப்பா மேசைமேல் இருந்தது, பாதி உடைந்த துண்டுகள். அப்புறம் இஸ்திரித் தங்கச்சி எழுந்தாள். வெந்த கை இன்னும் முழுசாக நீளாது, இடது கையால் எழுதினாள். அவள் எழுதியதில் ஒரு தப்பு இருந்தது. பொத்தான் திருத்தினாள். பொத்தான் திருத்தியது தப்பு என்று நான் சொன்னேன். அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் இஸ்திரித் தங்கச்சி முதலில் எழுதியதே சரி. அப்படித்தான் நடக்கிறது எங்கள் வகுப்பு. மெதுவாக நடக்கிறது, சண்டையோடு நடக்கிறது, ஆனால் நடக்கிறது.

ஐந்தாம் வகுப்புப் படித்தவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பாளா என்று சிலர் வாயை மூடிக்கொண்டு சிரிக்கலாம். என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தம் சொன்னேன். ஒரு திருத்தம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று சரி. பேத்தி பேனாவை எடுத்து மாற்றினாள். அந்த ஒன்றை எனக்குக் கொடுத்தவர் டைப்பிஸ்ட் தம்பி. அதைத் திரும்ப வாங்கி ஸ்டோரில் வைக்க யாராலும் முடியாது.

மேலாளர் ஐயா தம் பேச்சில் ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னார். அவர் ஏதோ ஓர் ஆசிரியர் அல்ல, அவர்தான் அந்த ஆசிரியர் என்கிற மாதிரி, 'எ' என்பதை இறக்கிச் சொல்லி 'தி' என்பதை அழுத்திச் சொன்னார். நல்லதை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் டைப்பிஸ்ட் தம்பி கேட்டிருந்தால் சாக்பீஸை உடைத்திருப்பார். போன வருடம் ஆசிரியர் தினத்தன்று இதே மாதிரி ஒரு வரி பலகையில் எழுதினோம். அழித்துவிட்டு என்ன சொன்னார்? "என்னைத் தூக்கி ஒத்தையா நிறுத்தாதீங்க. ஒத்தையா நின்னா நான் போனதும் எல்லாம் போயிடும். நான் ஒரு வாத்தியார். என்னை மாதிரி இன்னும் பத்துப் பேர் வரணும். வந்தாத்தான் நான் நடத்தினது வகுப்பு, இல்லன்னா பொழுதுபோக்கு." அவர் வாயால் சொன்னது இது. கேட்டவர்கள் இங்கே இருபது பேர் இருக்கிறார்கள்.

அதனால் முதலாளி அம்மா முன்னிலையில் நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் மாட்டுங்கள், நாங்களே ஆணி அடிக்கிறோம். ஆனால் பல்சக்கரத்துக்கும் எண்ணெய் டப்பாவுக்கும் நடுவில் மாட்டாதீர்கள். பலகைக்கு நேர் எதிரே மாட்டுங்கள், நாங்கள் எழுதுகிற தப்பெல்லாம் அவர் கண்ணில் படட்டும். உதிரிப் பாகங்களுக்குக் கொதிகலன் அறைப் பக்கம் இடம் இருக்கிறது, அங்கே ஒரு மேசை இப்போது காலி. அறையைப் பூட்டினால் வண்டி ஏற்றுகிற மேடையில் உட்காருவோம். அங்கேயும் கூடாது என்றால் மிஷின் ஓட ஓட, கையாலேயே படிப்போம். சத்தத்துக்குப் பயந்தவர்களா நாங்கள்? இருபத்துநான்காம் தேதி பதினொரு பேரும் எழுதுவோம். எத்தனை பேர் தேறுவோம் என்று தெரியாது. ஒருத்தியாவது தேறுவாள், அடுத்த வருடம் இந்நேரம் இந்தக் கூடத்து அறிக்கையை இந்தக் கூடத்துப் பெண் எழுதுவாள், எந்த மிஷின் என்று நம்பர் போட்டு எழுதுவாள். யாரும் தேறாவிட்டால் மறுபடி எழுதுவோம். தங்கச்சி, உன் வீட்டுக்காரரை நாங்கள் முடித்துவைக்க மாட்டோம். நீ நிம்மதியாக இரு.

அடுத்து மௌனம் அனுசரிக்கச் சொல்வார்கள். எழுந்து நிற்கலாம். ஆனால் தலையைக் குனிய வேண்டாம், அவருக்கு முன்னால் தலை குனிந்தால், எதிரே இருப்பவர் மூஞ்சியைப் பார் என்று அதட்டுவார். மேலாளர் ஐயா மனசில் ஒரு கேள்வி இருக்கும், இனிமேல் யார் சொல்லிக்கொடுப்பது என்று. வாயால் பதில் சொல்ல வேண்டாம். துவைக்கிற பக்கம், காயவைக்கிற பக்கம், இஸ்திரிப் பக்கம், மடிக்கிற பக்கம், எல்லோரும் வலது கையைத் தூக்குங்கள். ஒரு வாத்தியார் என்று விரித்துக் காட்டுங்கள். நன்றாக விரியுங்கள், பொத்தான், உன்னைத்தான்.

மேலாளர் ஐயா, இவை எண்ணக்கூடியவை. எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது மணி ஐந்து. இன்னும் கால் மணி நேரத்தில் மேலே வகுப்பு.